றெப்ளிக்கா காரில் நெடுந்தூர வீதிப் பந்தயம்: எங்கள் கராச்சில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கராச் கிளிநொச்சியில், ஏ9 வீதியோரம் இருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் மச்சானிடம் ஒரு போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டர் றெப்ளிக்கா உண்டு. அதை மெக்சிகோவில் நடக்கும் 'லா கரேரா பனமெரிக்கானா' என்ற நெடுந்தூர வீதிப் பந்தயத்துக்குத் தயார்படுத்துகிறோம். ஓட்டப்போவது மச்சான். எஞ்சின் வேலையும் வழிநெடுகச் செய்யும் சேர்விஸ் வேலையும் என் பொறுப்பு. கதை பரவியதில் இருந்து பரந்தன், மாங்குளம், முல்லைத்தீவு என்று எல்லாப் பக்கமும் இருந்து பிள்ளைகள் வந்து விசாரிக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

றெப்ளிக்கா கார் என்றால் என்ன?

பழைய, விலை எட்டாத ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் தோற்றத்தையும் அளவையும் வைத்து, வேறொரு காரின் அடிப்பாகத்தில் புதிதாகக் கட்டும் கார். போர்ஷே நிறுவனம் ஸ்பீட்ஸ்டரை 1954 முதல் 1958 வரைதான் செய்தது. இன்று அசலை வாங்கப் பெரும் செல்வம் வேண்டும். எங்களுடையது ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் அடித்தட்டில் நிற்கிறது. பீட்டிலின் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடைத்தூரம் 2400 மில்லிமீற்றர், 356 இல் அது 2100. ஆகவே அடித்தட்டை வெட்டி, ஏறத்தாழ 30 சென்ரிமீற்றரை எடுத்துவிட்டு, திரும்ப ஒட்டுவார்கள். மேலே பைபர் உடம்பு.

ஏசி கோப்ரா, லோட்டஸ் செவன் என்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் றெப்ளிக்காக்களும் உலகம் முழுக்க ஓடுகின்றன.

அது போலி தானே? போலியை வைத்துப் பந்தயம் ஓடலாமா?

றெப்ளிக்காவை அசல் என்று சொல்லி விற்றால் போலி. றெப்ளிக்கா என்று எழுதிக் கையெழுத்து வைத்து ஓடினால் அது நேர்மையான கார். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. விண்ணப்பப் படிவத்தில் முதல் வரியிலேயே 'றெப்ளிக்கா, அடித்தட்டு ஃபோக்ஸ்வாகன்' என்று எழுதுங்கள். வட அமெரிக்காவில் இப்படியான கார்களின் பதிவுப் பத்திரத்தில் பெரும்பாலும் அடித்தட்டு கொடுத்த பீட்டிலின் பெயரும் ஆண்டும்தான் இருக்கும். படிவத்தில் ஒன்று, பத்திரத்தில் இன்னொன்று என்றால் பரிசோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அசல் 356 வைத்திருப்பவர் அதை மலைவீதியில் விரட்டப் பயப்படுவார், அவர் பயத்தில் நியாயமும் உண்டு. ஓடுவதற்காகவே செய்த கார் ஓடத்தான் வேண்டும்.

எந்தப் பந்தயங்கள் றெப்ளிக்காவை ஏற்கும்?

இத்தாலியின் மில்லே மிலியாவை மறந்துவிடுங்கள். அது 1927 முதல் 1957 வரை பிரேசியாவில் தொடங்கி உரோம் போய்த் திரும்பும் ஏறத்தாழ 1600 கிலோமீற்றர் பந்தயம். இன்று பழைய கார்களின் ஓட்டமாக நடக்கிறது. அந்தக் காலத்தில் ஓடிய மாதிரிகளின் அசல் கார்களுக்கு மட்டுமே அங்கே இடம்.

மெக்சிகோவின் மனம் கொஞ்சம் அகலம். பழைய கரேரா 1950 முதல் 1954 வரை நடந்து நின்றுபோய், 1988 இல் திரும்பத் தொடங்கியது. அங்கே முன்னுக்கு ஓடும் ஸ்ருடிபேக்கர் என்ற பழைய அமெரிக்கக் கார்களைப் பார்த்தால் தோற்றம்தான் 1953, உள்ளே புதிய குழாய்ச் சட்டமும் பெரிய வி8 எஞ்சினும் இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் றெப்ளிக்காவும் கதவைத் தட்டிப் பார்க்கலாம். போர்ஷே தன் கார்களுக்கு 'கரேரா' என்று பெயர் வைத்ததும் இந்தப் பந்தயத்தால்தான். 1954 இல் ஹான்ஸ் ஹெர்மான் சின்ன 550 ஸ்பைடரில் பெரிய எஞ்சின் கார்களுக்கு நடுவே மூன்றாவதாக வந்தார்.

அமெரிக்காவின் நெவாடாவில் 90 மைல் நீள நெடுஞ்சாலையை மூடி நடத்தும் சில்வர் ஸ்டேட் கிளாசிக்கும் இருக்கிறது. அங்கே கார் பழசா புதுசா என்பதைவிட, நீங்கள் எடுத்துக்கொண்ட சராசரி வேகத்துக்கு எவ்வளவு நெருக்கமாக வருகிறீர்கள் என்பதே கணக்கு.

எதுவானாலும் வகுப்புகளும் விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்த ஆண்டின் விதிநூலை முழுதாக வாசித்து, காரின் படங்களை அனுப்பி, சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். நாங்கள் எழுத்து வந்த பிறகுதான் எஞ்சினில் கை வைத்தோம்.

வீதிப் பந்தயம் என்றால் பஸ், லொறிகளுக்கு நடுவிலா ஓடுவது?

இல்லை. கரேரா ஏழு நாள், மொத்தம் 3000 கிலோமீற்றருக்கு மேல். அதில் வேகப் பகுதிகள் தனி. அந்த மலைவீதிகளைப் பொலிஸ் மூடிய பிறகே கார்களை ஒவ்வொன்றாக விடுவார்கள். ஒரு வேகப் பகுதியில் இருந்து அடுத்ததுக்குப் போகும் தூரம் சாதாரண வீதி, சாதாரண வேகம், எல்லா வாகனங்களோடும். அந்த இடைத்தூரத்திலும் குறித்த நிமிடத்துக்குக் கட்டுப்பாட்டுச் சாவடிக்கு வர வேண்டும். பிந்தினால் தண்டப் புள்ளி உண்டு. இடையில் கார் நின்றுபோனால் திருத்துவதற்கும் அந்த நேரத்துக்குள்ளேதான்.

அப்படியானால் ஏ9 இல் இரவு ஓடிப் பழகலாமா?

கூடாது. ஓடிவிட்டு வந்து எங்கள் கராச் வாசலில் நிற்கவும் வேண்டாம்.

நாட்டில் நகர்ப்புறத்துக்கு வெளியே காருக்கு வேக எல்லை 70 கிலோமீற்றர். ஆனால் நான் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஓமந்தையில் இருந்து ஆனையிறவு வரை இரவில் இந்த வீதியில் என்ன கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். சூடு பிடித்த தாரில் மாடுகள் படுத்திருக்கும். அறுவடைக் காலத்தில் வீதியோரம் நெல் பரப்பிக் கிடக்கும், பக்கத்தில் காவலுக்கு ஒருவர் பாய் விரித்துப் படுத்திருப்பார். லைற் இல்லாத லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் பெட்டியோடு முன்னால் போகும். ரியூசன் முடிந்து சைக்கிளில் வரும் பிள்ளைகள் இருப்பார்கள். வீதி நேராக, காப்பெட் விரித்ததுபோல வழுவழுப்பாக இருப்பதால் வேகம் தெரியாது. அதுதான் ஆபத்து.

1957 மில்லே மிலியாவில் குயிதிட்சோலோ என்ற ஊருக்குக் கிட்ட ஒரு பெராரியின் ரயர் வெடித்து, ஓட்டுநர் டி போர்தாகோவும் பக்கத்தில் இருந்தவரும் பார்வையாளர் ஒன்பது பேரும் இறந்தார்கள். அந்தப் பந்தயமே அத்தோடு முடிந்தது. இங்கே 2024 ஏப்ரலில் தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் சனக்கூட்டத்துக்குள் பாய்ந்து ஏழு பேர் செத்தார்கள். அனுமதியோடு, ஒழுங்கமைத்து நடத்திய இடங்களிலேயே இப்படி நடக்கிறது.

பழக வேண்டுமென்றால் முறையான இடத்துக்குப் போங்கள். நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934 இல் தொடங்கியது. போய் ஒரு நாள் முழுக்க நின்று பாருங்கள். கார்களைவிட அங்கே கொடி பிடித்து நிற்பவர்களின் வேலையைக் கவனியுங்கள்.

காட்டுப் பாதைகளில்?

வேண்டாம். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை எத்தனை ஆண்டாக நடக்கிறது என்று பாருங்கள். சிவப்புப் பலகை இருக்கிற இடத்தில் மட்டும்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். ஆட்கள் நடந்து பழகாத பாதையில் வாகனத்தை இறக்காதீர்கள்.

கனடாவிலும் மெக்சிகோவிலும் மெக்கானிக் இல்லையா? வன்னியில் இருந்து ஏன் ஆள் போக வேண்டும்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பம் அதிகம்.

90 களில் பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் பெற்றோல் வருவதில்லை. வந்தாலும் துளிக் கணக்குத்தான். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் ஒரு சின்னப் போத்தலில் இருந்து, எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலைப் பீச்சி ஸ்ராட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்பார்கள். தீப்பொறி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளாவிட்டால் எஞ்சின் தட்டும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவிக் கீழிறங்கி என்ஜின் ஒயிலோடு கலந்து அதைத் தண்ணீராக்கும். அதனால் எங்கள் அப்பா காலையில் முதல் வேலையாக டிப்ஸ்ரிக்கை இழுத்து, ஒயிலை விரலில் தேய்த்து, மணந்து பார்ப்பார். மணத்தை வைத்தே இன்னும் எத்தனை ஓட்டம் தாங்கும் என்று சொல்லிவிடுவார்.

கம்பியூட்டர் பூட்டிக் குறை பார்க்கும் காலத்தில், காபரேற்றரையும் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டரையும் காதால் கேட்டுச் சரி பண்ணத் தெரிந்தவர்கள் எங்கேயும் குறைந்துகொண்டு வருகிறார்கள். இங்கே அந்தக் கை இன்னும் இருக்கிறது. வாகனத்தை எப்படியாவது வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்க்க வேண்டும் என்ற நிலையில் பழகிய கை அது. நெடுந்தூரப் பந்தயத்தில் வேகமான காரைவிட, கடைசி நாள் கடைசிச் சாவடிக்கு வரும் காருக்குத்தான் முதலில் மரியாதை.

இந்த மாதிரிக் காரில் வழியில் எது பழுதாகும்?

பீட்டில் எஞ்சினுக்குத் தண்ணீர் இல்லை. காற்றும் ஒயிலும்தான் அதைக் குளிர வைக்கின்றன. ஆனால் அது கொள்ளும் ஒயிலோ இரண்டரை லீற்றர் மட்டும். அசலில் வடிகட்டியும் இல்லை, ஒரு கம்பி வலைதான். ஆகவே வெளியே தனிக் கூலரும் வடிகட்டியும், அடியில் ஆழமான ஒயில் பாத்திரமும் கட்டாயம். பழைய எஞ்சின்களில் ஒயில் கூலர் மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றை மறைக்கும். அந்தச் சிலிண்டரின் வெளியேற்று வால்வுதான் முதலில் கருகும். அந்த ஒன்றை மற்றவற்றைவிட அடிக்கடி பாருங்கள்.

பிறகு பெல்ட். ஒரே பெல்ட்தான் ஜெனரேற்றரையும் குளிரூட்டும் காற்றாடியையும் சுற்றுகிறது. அறுந்தால் சிவப்பு லைற் எரியும். 'அடுத்த சாவடி வரை இழுத்துவிடுவம்' என்று நினைத்தால் எஞ்சின் போய்விடும். அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பெல்ட்டை மாற்ற, அது ஓடும் கப்பியான புலியின் (pulley) நட்டுக்கு 21 மில்லிமீற்றர் சாவி வேண்டும். புலி சுற்றாமல் இருக்க அதன் வெட்டில் ஒரு ஸ்குறூட்றைவரைக் கொடுத்து, மேலே இருக்கும் போல்ட்டில் முட்டுக் கொடுங்கள். நட்டைக் கழற்றினால் புலி இரண்டு பாதியாக வரும், நடுவில் மெல்லிய வளையங்கள் இருக்கும். வளையத்தை நடுவில் இருந்து எடுத்து வெளியே போட்டால் பெல்ட் இறுகும், உள்ளே போட்டால் தளரும். பெருவிரலால் அமத்தும்போது ஒன்றரை சென்ரிமீற்றர் அளவு தாழ வேண்டும். கைவிளக்கை வாயில் பிடித்துக்கொண்டு இருட்டில் இதைச் செய்யப் பழகுங்கள், எஞ்சின் சூடாக இருக்கும்போதே.

மலை இறக்கத்தில் பழைய டிரம் பிறேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். முன்சில்லுக்காவது டிஸ்க் போட வேண்டும், பிறேக் ஒயில் புதிதாக இருக்க வேண்டும். வாங்கும்போதே அடித்தட்டின் ஆண்டையும் கேளுங்கள். பழைய பீட்டிலின் பின் அச்சு, வளைவில் அக்சிலேற்றரில் இருந்து காலைத் தூக்கும்போது சில்லை உள்ளே மடிக்கும். அமெரிக்கச் சந்தைக்கான பீட்டிலில் 1969 முதல் வந்த அமைப்பு வேறு, அதுவே பந்தயத்துக்கு நல்லது. அடித்தட்டை வெட்டி ஒட்டிய வெல்டிங்கைப் பெயின்ற் சுரண்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

மெக்சிகோவில் ஒரு வசதி உண்டு. கடைசிப் பழைய மாதிரி பீட்டில் 2003 ஜூலை 30 அன்று அங்கே பூவெப்லா தொழிற்சாலையில் இருந்துதான் வெளியே வந்தது. பெல்ட், பொயின்ற், பிளக் எல்லாம் அங்கே தெருக்கடைச் சாமான்.

உயரமான இடத்தில் கார் இழுக்குமா?

குறைவாக இழுக்கும். மெக்சிகோ நகரமே 2200 மீற்றருக்கு மேல் இருக்கிறது, நுவரெலியாவைவிட உயரம். ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஏறத்தாழ 3 சதவீதம் பலம் போகும். காற்று குறைய, அதே அளவு பெற்றோல் அதிகமாகிவிடும். எஞ்சின் கறுப்பாகப் புகைக்கும், பிளக் கரி பிடிக்கும். அதற்குக் காபரேற்றரில் பெற்றோல் போகும் துளையான ஜெற்றைச் சின்னதாக்க வேண்டும்.

மச்சானின் இரண்டு காபரேற்றர்களும் ஊருக்கு வந்த ஒரு உறவினரின் சூட்கேசில் உடுப்புக்குள் சுற்றிக் கிளிநொச்சிக்கு வந்தன. கழற்றி, கழுவி, மிதவை மட்டம் பார்த்துப் பூட்டினேன். ஜெற்றில் பொறித்திருக்கும் 130 என்பது துளையின் விட்டம் 1.30 மில்லிமீற்றர் என்பது. 130, 125, 120 என்று ஒவ்வொரு சோடியையும் மருந்துக் கடைக் கடதாசி உறையில் போட்டு, எந்த உயரத்துக்கு எது என்று மேலே எழுதினேன். பெட்டி திரும்பிப் போகும்போது வான் முறிகண்டியில் நின்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் கொழும்புக்கு இறங்கியது. எங்கள் பக்கத்து நீண்ட ஓட்டம் எதுவும் அப்படித்தான் தொடங்கும்.

பைபர் உடம்பு உடைந்தால்?

முல்லைத்தீவுக் கரையில் படகு திருத்துபவரிடம் கேளுங்கள். அதே பாய், அதே றெசின். உடைந்த இடத்தைச் சுற்றிச் சரிவாக உரசி, உப்பும் எண்ணெயும் இல்லாமல் துடைத்து, பாயை அடுக்கடுக்காக வைத்து, உருளையால் காற்றுக்குமிழியை வெளியே தள்ளுவார்கள். எங்கள் வெயிலில் ஹாட்னரைக் குறைத்துத்தான் விட வேண்டும், இல்லாவிட்டால் கிண்ணத்திலேயே இறுகிவிடும். மெக்சிகோவின் மலைக் குளிரில் கூட்ட வேண்டிவரும். எங்கள் சேர்விஸ் அணிக்கு இரண்டாவது ஆளாக நான் கேட்டிருப்பது முல்லைத்தீவில் படகு கட்டும் ஒரு தம்பியைத்தான்.

ஆனால் பைபர் உங்களைக் காப்பாற்றாது. பாதுகாப்புக் கூண்டின் கால்கள் அடித்தட்டின் இரும்பில், தகடு வைத்து நிற்க வேண்டும். பைபரில் பூட்டிய கூண்டு வெறும் அலங்காரம்.

வேறு என்ன பாதுகாப்புச் சாமான்கள்?

தீப்பிடிக்காத உடுப்பு, பந்தய ஹெல்மெற், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி, பல முனைப் பெல்ட், பந்தய இருக்கை, உள்ளே பை வைத்த எரிபொருள் தாங்கி, தீயணைப்பான், வெளியில் இருந்தும் மின்சாரத்தை நிறுத்தும் சுவிச். உடுப்பு, ஹெல்மெற், பெல்ட் போன்றவற்றில் எஃப்.ஐ.ஏ (உலக மோட்டார் பந்தயச் சம்மேளனம்) அல்லது ஸ்னெல் (ஹெல்மெற் தரம் பார்க்கும் நிறுவனம்) அடையாளமும் திகதியும் இருக்கும். காலாவதியான பெல்ட்டை, புதுசு போல இருந்தாலும், பரிசோதகர் ஏற்க மாட்டார். இரண்டாம் கைச் சாமான் மலிவாகக் கிடைத்தால் முதலில் திகதியைப் பாருங்கள். பீட்டிலின் பெற்றோல் தாங்கி முன்னால், கால்களுக்கு நேரே இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

பக்கத்தில் இருப்பவருக்கு என்ன வேலை?

பாதி வெற்றி அவருடையது. 1955 மில்லே மிலியாவில் பிரித்தானிய ஓட்டுநர் ஸ்ரேர்லிங் மொஸ் 10 மணி 7 நிமிடம் 48 செக்கனில் வென்றார். பக்கத்தில் இருந்த டெனிஸ் ஜென்கின்சன் முழு வழியையும் ஒரு நீளக் கடதாசிச் சுருளில் எழுதி, பெட்டிக்குள் சுருட்டி, கைச்சைகையால் வளைவுகளைச் சொல்லிக்கொண்டே போனார். இன்று ஹெல்மெற்றுக்குள் மைக் உண்டு. தமிழில் சொல்லலாம், தடையில்லை. 'இடம்', 'வலம்' இரண்டும் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கும் என்பதால் மச்சானும் அவரின் மகளும் 'லெப்ட்', 'றைட்' என்றே வைத்துக்கொண்டார்கள். ஆம், வழி சொல்லப்போவது மகள். வாகனத்தில் வாசித்தால் தலைசுற்றாத ஆள் வீட்டில் அவர்தான்.

லைசன்ஸ், விசா?

போட்டி லைசன்ஸ் வேண்டுமா, எந்தத் தரம் என்று விதிநூலில் இருக்கும். இலங்கையில் அதற்கான அமைப்பு ஸ்ரீ லங்கா ஒட்டோமொபைல் ஸ்போர்ட்ஸ். எங்கள் கடவுச்சீட்டுக்கு விசா வேலைதான் நீளமானது. காரைத் தொட முன்னரே அதைத் தொடங்குங்கள்.

செலவு?

நுழைவுக் கட்டணம், காரை ஏற்றி இறக்குவது, ரயர், விடுதி, காப்புறுதி எல்லாம் சேர்ந்தால் ஒரு சாதாரண குடும்பம் தனியே தாங்கக்கூடிய தொகை இல்லை. மச்சான் பல ஆண்டு சேர்த்த காசு அது. வளவை ஈடு வைத்துப் பந்தயம் ஓட யாரும் நினைக்க வேண்டாம். சேர்விஸ் ஆளாகப் போவதற்குக் காசு வேண்டியதில்லை, கைவேலைதான் வேண்டும்.

இங்கேயே ஒன்று கட்டலாமா?

கட்டும் கை உண்டு. சிக்கல் பதிவில்தான். சேஸியை வெட்டிக் குறுக்குவதைப் பெயின்ற் மாற்றுவதோடு சேர்த்துப் பார்க்க முடியாது. வெட்டும் முன்னரே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை கிறைண்டரை எடுக்காதீர்கள்.

அம்மா விடமாட்டா. என்ன சொல்வது?

எதுவும் சொல்லி ஏமாற்ற வேண்டாம். இந்த மண்ணில் பிள்ளையைத் தொலைத்த தாய்மார் எத்தனை பேர் என்று தெரிந்துதான் அவ பயப்படுகிறா. கூண்டு எங்கே பூட்டியிருக்கிறது, வீதியை யார் மூடுகிறார்கள், அம்புலன்ஸ் எங்கே நிற்கும் என்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். என் மனைவியும் இதெல்லாம் கேட்ட பிறகுதான் சரி என்றா. பிறகும் அம்மா வேண்டாம் என்றால், சேர்விஸ் பக்கம் வாருங்கள்.

எனக்கு 19 வயது, சேர்விஸ் வேலைக்குப் போக ஆசை. எங்கே தொடங்குவது?

அறிவியல்நகரில் ஜேர்மன் உதவியோடு 2016 இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் வாகனத் துறை இருக்கிறது. அந்தச் சான்றிதழ் விசாவுக்கும் உதவும். விதிநூல் வாசிக்கும் அளவுக்கு ஆங்கிலம் வேண்டும். ஞாயிறு பின்னேரங்களில் கராச் பூட்டிய பிறகு ஒரு பழைய பீட்டில் எஞ்சினை ஸ்ராண்டில் ஏற்றி வைத்திருக்கிறோம். வரும்போது செருப்போடு வராதீர்கள், சப்பாத்துப் போட்டு வாருங்கள். முதல் வேலை பெல்ட் மாற்றுவது.